ஏழு தட்டுப் பாட்டு

சட்டைப்பையில் கைவிட்டுப் பார்க்காமல் எந்தத் துணியையும் இயந்திரத்துக்குள் போடக் கூடாது என்பது மருத்துவமனைச் சலவைப் பிரிவின் முதல் விதி. யாரோ ஒருவருடைய பேனா உள்ளே வெடித்து நாற்பது படுக்கை விரிப்புகள் நீலமாகிப்போன அன்று, அங்கே வேலை செய்கிற, எல்லோரும் சலவைக்கா என்று கூப்பிடுகிறவள் அதைத் தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். பதினெட்டு வருடங்களில் அந்த வெள்ளைக் கோட்டுகளின் பைகளிலிருந்து அவள் எடுக்காத பொருள் கிடையாது. பாதி தின்ற பிஸ்கட், மூக்குக்கண்ணாடி, காதல் கடிதம், ஒரு தடவை ஒரு பெரிய டாக்டரின் பொய்ப்பல். கிடைத்ததை உறையில் போட்டு, கோட்டின் எண்ணை மேலே எழுதி, உரியவரிடம் சேர்த்துவிடுவாள். படிக்கக் கூடாது என்று விதியில் இல்லை. ஆனாலும் அவள் படித்ததில்லை. அடுத்தவர் அழுக்கைத் துவைக்கலாம், அலசக் கூடாது என்பாள்.

அன்று காலை படித்துவிட்டாள். மருந்தகத் தலைவரின் கோட்டில் நாலாக மடித்த கெட்டிக் காகிதம் இருந்தது. ஈரமாகியிருக்கிறதா என்று பார்க்கப் பிரித்தவளுக்கு, ஐந்து ஐந்து கோடுகளின் மேல் கறுப்புப் புள்ளிகளும் அவற்றுக்கு அடியில் தனக்கு மனப்பாடமான சொற்களும் தெரிந்தன. மேலே ‘மருத்துவமனையின் நாற்பதாம் ஆண்டு விழாப் பாடல்’ என்று இருந்தது. அதற்குக் கீழே ‘மெட்டும் இசையமைப்பும்’ என்று போட்டு, மருந்தகத் தலைவரின் பெயர் பட்டங்களோடு அச்சாகியிருந்தது. சொற்கள் எப்போதோ ஓய்வுபெற்றுப் போன ஒரு செவிலியர் எழுதியவை, அதில் யாருக்கும் சண்டையில்லை. மெட்டு சலவைக்காவுடையது.

அது அவளுக்கு வந்த கதை சலவைப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். கீழ்த்தளத்தில் இருக்கும் மூன்று இயந்திரங்களில் இரண்டாவது கொஞ்சம் கிறுக்கு. அதன் உருளை மூன்று தட்டு இந்தப் பக்கம் உருளும், ஒரு விக்கல் விக்கும், நாலு தட்டு அந்தப் பக்கம் உருளும். பழுது பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை பிரித்து மாட்டியும் அதன் புத்தி மாறவில்லை. அதன் பக்கத்தில் நின்று விரிப்பு மடித்து மடித்து, மூன்றும் நாலுமாக அவள் வாயில் தானாக ஒரு மெட்டு ஓட ஆரம்பித்தது. ஒரு வருடம் அது சொல் இல்லாமலே ஓடியது. அப்புறம் அந்தச் செவிலியரின் வரிகள் அதற்குள் வந்து உட்கார்ந்தன.

மருந்தகத் தலைவரை மருத்துவமனையில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊழியர் பாட்டுக் குழுவைத் தொடங்கி எட்டு வருடமாக நடத்துகிறவர் அவர்தான். சின்ன வயதில் பியானோ படித்தவர், ஐந்து கோட்டு இசைக்குறி வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவர். கையில் ஒரு மெல்லிய குச்சி வைத்திருப்பார். குழு தொடங்கிய வருடமே சலவைக்கா பாடிக் காட்டியபோது அவர்தான் உட்கார்ந்து எழுதினார். எழுதும்போது ஒவ்வொரு ஏழு தட்டுக்குப் பின்னாலும் ஒரு வெற்றுத் தட்டைச் சொருகி எட்டாக்கினார். ஏன் மாஸ்டர் என்று கேட்டதற்கு, ‘ஏழில் எழுத முடியாது, இசைக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை’ என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். அன்றிலிருந்து குழு அந்தப் பாட்டைப் பல் போன வாயோடுதான் பாடிவருகிறது. அந்த ஓட்டையில் யாராவது ஒருவர் தினமும் முந்திக்கொண்டு விழுவார், மாஸ்டர் குச்சியால் மேசையைத் தட்டுவார்.

காகிதத்தை மடித்து உறையில் போட்டு, எண் எழுதி மேலே அனுப்பினாள். அந்தக் கோட்டைச் சிவப்புப் போர்வைகளோடு சேர்த்துப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மைதான். ஆனால் வேலையில் கள்ளத்தனம் செய்ய அவளுக்குக் கை வராது. வெள்ளையோடு வெள்ளையாகப் போட்டு, கஞ்சி விட்டு, மடிப்புக் கலையாமல் தேய்த்தே அனுப்பினாள். கோபம் மட்டும் மடிப்புக்குள் அடங்கவில்லை.

புதன்கிழமை மாலை உணவுக்கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டுப் பயிற்சி நடக்கும். எல்லோரும் வந்து சேர்வதற்குள் அவள் மாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

“மாஸ்டர், விழாப் பாட்டுத் தாள்ல மெட்டு உங்க பேர்ல வந்திருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “என் கோட்டுப் பையில இருந்ததைப் படிச்சீங்களா?”

“படிச்சது தப்புதான். அதுல போட்டிருக்கிறது அதைவிடத் தப்பு.”

மாஸ்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். மருந்துச் சீட்டைப் புரியாமல் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நோயாளியிடம் பேசுவதுபோல் இதமாகப் பேசினார். “ஏம்மா, பாட்டுங்கிறது வாயில வர்றது இல்ல, தாள்ல நிக்கிறது. நீங்க முணுமுணுத்தீங்க. அதுக்குக் கை கால் வெச்சு நிக்க வெச்சது நான். உங்க ஏழை எட்டாக்கலேன்னா அதை எழுதவே முடியாது. எழுதினவங்க பேர்தான் போடுவாங்க, ஊர் உலகத்துல அதான் வழக்கம். வேணும்னா நீங்களே எழுதுங்களேன். நான் வேணாம்னா சொன்னேன்?”

பின்னால் நின்ற குழுவில் சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, பழகினவர்களின் சிரிப்பு. கூடவே அவளும் சிரித்துவைத்தாள். அன்று இரவு சோறு இறங்காமல் போனதற்குக் காரணம் மாஸ்டர் சொன்னது அல்ல, தான் சிரித்ததுதான்.

நகர நூலகத்தின் அறிவிப்புப் பலகையை அவள் அதற்கு முன்னால் நூறு தடவை கடந்து போயிருப்பாள். மறுநாள் கண்ணில் பட்டது. ‘கணினியில் இசைக்குறி எழுதுதல், எளிய இணையப்பக்கம் அமைத்தல். சனிக்கிழமை காலைகளில், பத்து வாரம். தகுதி எதுவும் தேவையில்லை.’ கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். தகுதி தேவையில்லை என்று ஒரு இடத்தில் எழுதிப்போட்டிருப்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார். அவர் அதே மருத்துவமனையில் லிஃப்ட்காரர். காலையிலிருந்து மாலைவரை மேலும் கீழும் போய்வந்தே பழகியவர், பக்கவாட்டில் ஒரு அடி எடுத்து வைக்கச் சொன்னால் பயந்துவிடுவார். “ஆத்துல இருந்துக்கிட்டு முதலையப் பகைச்சுக்கலாமா?” என்றார். முதலைக்கு எதிராக ஒன்றும் செய்யப்போவதில்லை, நீச்சல்தான் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள் அவள். கூட இருந்த நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது. “அம்பது வயசுல கண்ணுக்குக் கீழ கோடு விழும், அண்ணிக்குக் கண்ணு முன்னால அஞ்சு கோடு விழப்போகுது” என்றாள். அது நன்றாக இருந்ததால் சலவைக்காவும் சிரித்தாள். இந்தச் சிரிப்பு உறுத்தவில்லை.

நூலகத்தின் மாடியில் எட்டுக் கணினிகள். ஆறு பேர் வந்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவள் முப்பது வயதுக்காரி, நிரந்தரமாக ஜலதோஷம் பிடித்தவள், ஒரு கையில் கைக்குட்டை இல்லாமல் அவளைப் பார்க்கவே முடியாது. பொறுமை என்பது அவளுக்கு மருந்துக்கும் கிடையாது. ஆனால் ஒரு கேள்வியைப் பத்தாவது தடவை கேட்டாலும் முதல் தடவை காட்டிய அதே எரிச்சலைத்தான் காட்டுவாள், அது அதற்கு மேல் ஏறாது. சலவைக்காவுக்கு அது பிடித்துப்போனது. இதமாகப் பேசுகிறவர்களிடம் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது.

முதல் சனிக்கிழமை சுட்டியைப் பிடிப்பதிலேயே கழிந்தது. விரிப்பை உதறிய கைக்கு அந்தச் சின்னப் பொருளைப் பதமாக நகர்த்த வரவில்லை, அம்புக்குறி திரையின் மூலைக்கு ஓடிப்போய் ஒளிந்துகொண்டது. இரண்டாவது வாரம் கோடுகள் பழகின. கோட்டின் மேல் ஒரு புள்ளி, இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு புள்ளி, மேலே போகப் போக ஒலி உயரும், உள்ளே கறுத்திருந்தால் ஒரு தட்டு, உள்ளே வெளுத்திருந்தால் இரண்டு தட்டு. இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எட்டு வருடமாகப் பூதம் என்று நினைத்தது அருகில் போனால் கொடியில் காய்கிற சட்டை.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. தன் வாயில் வருவது கோட்டில் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கைபேசியில் தான் பாடியதைப் பதிந்துகொண்டு வந்து, காதில் ஒரு துளி கேட்பாள், நிறுத்துவாள், திரையில் ஒரு புள்ளி வைத்துக் கணினியைப் பாடச் சொல்வாள். அதிகம். ஒன்று இறக்குவாள். இப்போது குறைவு. இப்படி முதல் வரியைப் பிடிக்க ஒரு காலை முழுக்க ஆனது. பக்கத்து இருக்கையில் வயலின் கற்றுக்கொள்ளும் ஒரு பல் டாக்டர் இருந்தார். “இது பல்லைப் பிடுங்குறதைவிடக் கஷ்டமா இருக்கே” என்றார். “பிடுங்குறவருக்குக் கஷ்டம் என்ன டாக்டர், கஷ்டமெல்லாம் குடுக்கிறவங்களுக்குத்தான்” என்றாள் அவள்.

நாலாவது சனிக்கிழமை முதல் இரண்டு வரிகளும் ஏறிவிட்டன. புள்ளிகள் சரியாக இருந்தன, கேட்டால் அவள் மெட்டுதான். ஆனால் பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை. நாலு தட்டுக்கு ஒரு தரம் ஒரு நெடுங்கோடு தானாக விழுந்து மெட்டை வெட்டியது. வெட்டுப்பட்ட ஒலிகளை வளைகோடுகள் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தன. கூடவே தாளத்துக்குத் தட்டும் ஒலியை வைத்துக் கேட்டபோது அது எல்லா இடத்திலும் தப்பாக விழுந்தது, மாஸ்டரின் குச்சி கணினிக்குள் புகுந்துவிட்டதுபோல. அவள் ஒலியை நிறுத்தினாள். அப்படியானால் அவர் சொன்னது நிஜம்தானா? எழுத முடியாத ஒன்றை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு ஆட்டமா?

டீச்சர் பின்னால் வந்து நின்றாள். “எத்தனை தட்டு இது?”

“மூணும் நாலும்.”

“அப்ப ஏழு. இங்க ஏன் நாலுன்னு இருக்கு?”

“அது தானாவே இருந்துச்சு டீச்சர்.”

“தானா இருந்தா அப்படியே விட்டுடுவீங்களா? மேல இருக்கிற நாலை எடுத்துட்டு ஏழு போடுங்க.”

“போடலாமா?”

“ஏன் போடக் கூடாது?”

“ஏழுல எழுத முடியாதுன்னு சொன்னாங்க.”

“யாரு?” என்றவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. தும்மி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த யாரோ ஒருவரைத் தெரிந்துகொள்வதில் ஆர்வம் இழந்தவளாக அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

சலவைக்கா நாலை அழித்து ஏழை அடித்தாள். கண்மூடித் திறப்பதற்குள் நெடுங்கோடுகள் எல்லாம் இடம் மாறின. வளைகோடுகள் உதிர்ந்தன. ஏழு, நெடுங்கோடு. ஏழு, நெடுங்கோடு. ஒவ்வொரு அறையிலும் அவள் மெட்டு முழுதாக, கை கால் மடங்காமல் உட்கார்ந்திருந்தது. வெற்றுத் தட்டு ஒன்றுகூட இல்லை. எழுதுவதற்கு ஒரு விநாடிதான் ஆனது. அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது ஆத்திரம். எட்டு வருடம்! மாஸ்டர் தெரிந்தே சொன்னாரா, தெரியாமலே சொன்னாரா என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. தெரிந்து சொல்லியிருந்தால் அயோக்கியத்தனம். தெரியாமல் சொல்லியிருந்தால் அதைவிட மோசம், ஏனென்றால் தனக்குத் தெரியாததை இல்லை என்று சொல்லிவிட்டு, அதன்மேல் தன் பெயரையும் போட்டுக்கொண்டிருக்கிறார். எது என்று தெரியாமலே அவள் வேலையைத் தொடர்ந்தாள்.

ஆறாவது வாரத்திலிருந்து இணையப்பக்கம். அது அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி வந்தது, டீச்சருக்கே ஆச்சரியம். எழுத்து தடிமனாக வேண்டுமா, முன்னால் கோண அடைப்புக்குள் ஒரு குறி போட்டுத் திறக்க வேண்டும், முடிகிற இடத்தில் அதே குறியைச் சாய்கோட்டோடு போட்டு மூட வேண்டும். மற்ற ஐந்து பேரும் திறந்ததை மூட மறந்து, பக்கம் முழுக்கத் தடித்துப்போய்த் திண்டாடினார்கள். சலவைக்கா மறக்கவே இல்லை. ஒவ்வொரு வார்டின் துணியையும் தனிப் பையில் போட்டு வாயைக் கட்டியே ஆக வேண்டும், ஒரு பையைக் கட்டாமல் விட்டால் குழந்தைகள் வார்டு விரிப்பு பிரேத அறைக்குப் போகும். பதினெட்டு வருடமாகத் திறந்த வாயை மூடிப் பழகிய கை அது.

அவள் தடுமாறியது பெயரில்தான். பக்கத்தின் உச்சியில் பாட்டின் தலைப்பு, அதன் கீழ் ‘மெட்டு’ என்று அடித்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள்.

“உங்க பேரப் போடுங்க” என்றாள் டீச்சர்.

“எந்தப் பேர?”

“எத்தனை பேரு இருக்கு?”

சம்பளச் சீட்டில் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிச் சம்பளச் சீட்டைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை, கணவரேகூட. அந்தப் பெயரைப் போட்டால் மருத்துவமனையில் இது யாரென்று நாலு பேர் கேட்பார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘சலவைக்கா, சலவைப் பிரிவு, கீழ்த்தளம்’ என்று அடித்தாள். தடிமனுக்குத் திறந்து, மூடினாள். பின்னணிக்கு அறுவைச் சிகிச்சை அறைத் துணியின் பச்சையைத் தேடி எடுத்துப் போட்டாள். எழுதிய பாட்டின் படம், அதற்குக் கீழே அவள் குரல். அந்தக் குரலை இரண்டாவது இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பதிந்திருந்தாள். டீச்சர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “பின்னாடி ஏதோ கடகடன்னு சத்தம். எடுத்துடலாமா?” என்றாள்.

“அதை எடுத்தா நான் எதுக்குப் பாடுறேன்னே தெரியாது டீச்சர்.”

பக்கம் நூலகத்தின் தளத்தில் ஏறியது. கற்றுக்கொண்டவர்களுக்கு ஆளுக்கொரு மூலை என்று கொடுத்திருந்தார்கள். எலி வளையானாலும் தனி வளை என்று நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். யாரிடமும் சொல்லிப் பறைசாற்றவில்லை. சலவைப் பிரிவில் கூட வேலை செய்கிற இரண்டு பேருக்கு மட்டும் முகவரியை அனுப்பினாள். மருத்துவமனையில் இரண்டு பேருக்குத் தெரிவது என்றால் என்ன என்பது அவளுக்குத் தெரியாததில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் பிரசவ வார்டில் ஒரு செவிலியர் அதைப் போட்டுக் குழந்தை தூங்க வைத்ததாகச் செய்தி வந்தது.

புதன்கிழமைப் பயிற்சியில் வெடித்தது. மாஸ்டர் தாளைப் பார்த்துக் குச்சியை அசைக்க, ஏழாவது தட்டு முடிந்ததும் இரண்டாவது வரிசையில் நின்ற இரண்டு செவிலியர்கள் வெற்றுத் தட்டுக்குக் காத்திராமல் அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள். அவர் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை ஆறு பேர். மூன்றாவது தடவை ஆண்கள் வரிசையும் போய்விட்டது, பாட்டு முதல்முறையாகத் தங்குதடை இல்லாமல் உருண்டோடியது, மாஸ்டரின் குச்சி மட்டும் நடுவழியில் காற்றில் நின்றது. சலவைக்கா மூன்றாவது வரிசையில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் பாடவே இல்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் அதைக் கேட்டுக்கொண்டே நிற்கலாம் என்றிருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்குக் கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்தது. கணவர் வெளியே வராமல் உள்ளே நின்றபடியே கூப்பிட்டார். “ஆறாவது மாடில உன்னைக் கூப்பிடுறாங்க. நிர்வாக அதிகாரி.” ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். அவர் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்தினார். இருபத்திரண்டு வருட வேலையில் அவர் அப்படிச் செய்து யாரும் கேள்விப்பட்டதில்லை.

“மாஸ்டரும் மேல இருக்காரு. ஒரு மணி நேரமாப் பேசுறாங்க. என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிட்டு வந்துடு.”

“எதுக்குச் சரின்னு சொல்லணும்?”

“இங்க பாரு. அந்தப் பாட்டு உன்னுதுன்னு எனக்குத் தெரியும். நம்ம வீட்டுல தெரியும், கீழ சலவையில அத்தனை பேருக்கும் தெரியும். போதாதா?”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே அது போதும், அவருடைய வாழ்க்கை முழுக்க அது போதுமாகத்தான் இருந்தது. அதனால் அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. “போதாது” என்றாள். அவர் ஆறை அழுத்தினார். கதவு திறந்ததும், “முடிச்சுட்டு வா, நான் இங்கயே நிக்கிறேன்” என்றார். கீழே இரண்டு தளங்களில் லிஃப்டைக் கூப்பிட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது.

நிர்வாக அதிகாரி கெட்டவர் இல்லை, களைத்தவர். விழாவுக்கு மூன்று வாரமே இருந்தது, அவர் தலையில் நூறு வேலை. மாஸ்டர் விருந்தாளி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சலவைக்காவை உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை.

“பாட்டு மருத்துவமனையோடது. நீங்க பாட்டுக்கு வெளியில ஒரு பக்கம் போட்டு உங்க பேர வெச்சா எப்படி?” என்றார் அதிகாரி. “நம்ம கணினிப் பிரிவுல எடுக்கச் சொன்னேன், அது நம்ம கையில இல்லைன்னாங்க. நூலகத்துக்குப் பேசினேன். ஒரு அம்மா, போட்டவங்கதான் எடுக்கணும்னு சொல்லிட்டு என் காதுலயே தும்மி வெச்சுட்டாங்க.”

சலவைக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“யாருக்கும் வருத்தம் வேணாம்” என்றார் அதிகாரி, குரலைத் தாழ்த்தி. “உங்க பேர மட்டும் எடுத்துட்டு மருத்துவமனைப் பாட்டுக் குழுன்னு போட்டுடுங்க. மாஸ்டர்கிட்டயும் பேசிட்டேன். தாள்லயும் அதையே போட்டுடலாம். யார் பேரும் இல்லைன்னா சண்டையும் இல்ல பாருங்க. அடுத்த மாசம் வேலைப் பட்டியல் வேற மாத்துறோம், அழுக்குத்துணி பிரிக்கிற இடத்துல ஆள் குறையுது. அதெல்லாம் யோசிச்சுக்குங்க.”

“அங்க போட்டாலும் கோட்டுப் பையைப் பாத்துட்டுத்தான் சார் மூட்டையக் கட்டுவேன்.”

அதிகாரிக்கு அது புரியவில்லை. மாஸ்டருக்குப் புரிந்தது, காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். “பெருந்தன்மையா நானே என் பேர விட்டுத்தரேங்கிறேன். அதுக்கு மேல என்னம்மா வேணும்?” என்றார். அவர் உழைத்தார் என்பது அவளுக்கு மறுக்க முடியாமல் தெரியும். புதன்கிழமை ஒன்றைக்கூடத் தவறவிடாத மனிதர். அதனால்தான் அவர் தன்னிடம் இல்லாத ஒன்றை விட்டுத்தருவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

அதிகாரி எழுந்து தன் நாற்காலியை நகர்த்தி, கணினியை அவள் பக்கம் திருப்பினார். “இங்கேயே மாத்திடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.”

சலவைக்கா உட்கார்ந்தாள். நாற்காலி தேவைக்கு மேல் மெத்தென்றிருந்தது. நூலகத்தின் தளத்தைத் திறந்து, கடவுச்சொல் அடித்து, தன் பக்கத்தின் உள்ளே போனாள். பச்சையும் படமும் போய், வெள்ளைத் திரையில் கோண அடைப்புகளும் சாய்கோடுகளுமாக வரிகள் நின்றன. இரண்டு ஆண்களும் அவளுக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு அதில் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்பது அவர்கள் மூச்சுவிடுகிற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

தன் பெயர் இருந்த வரியை அவள் தொடவில்லை. அதற்கு அடியில் ஒரு புது வரி திறந்தாள். தடிமனுக்கு ஒரு குறி போட்டாள். அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள்.

அதிகாரி வாய்விட்டுப் படித்தார். “இந்தப் பாட்டில்... ஒவ்வொரு ஏழு தட்டுக்கும் பின்னால்... ஒரு வெற்றுத் தட்டைச் சேர்த்து எட்டாக்கி எழுதியவர்... மருந்தகத் தலைவர், பாட்டுக் குழுவின் மாஸ்டர்.”

“என்ன இது?” என்றார் மாஸ்டர். “இதையா போடச் சொன்னாங்க? எடுங்க, எடுங்க.”

“ஏன் மாஸ்டர், நீங்கதானே சேர்த்தீங்க? உங்க உழைப்பை நான் எடுத்துக்கிட்டேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாதில்ல.” அவள் திரும்பாமலே சொன்னாள். “யார் பேரும் இல்லாம எதுக்கு? ரெண்டு பேர் பேரும் இருக்கட்டும். அவங்கவங்க செஞ்சது அவங்கவங்க பேர்ல.”

“அம்மா, நான் சொன்னது...” என்று ஆரம்பித்த அதிகாரி, இரண்டாவது முறை அந்த வரியைத் தனக்குள் படித்தார். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்போல நெற்றியைச் சுருக்கினார். மாஸ்டரைப் பார்த்தார்.

சலவைக்கா வரியின் முடிவுக்குப் போய், சாய்கோடு போட்டு, திறந்ததை மூடினாள். சேமிக்கும் பொத்தானுக்கு அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அது ஓடி ஒளியவில்லை.

“சேமிக்கட்டுமா, மாஸ்டர்?”

சுட்டியின் மேல் அவளுடைய ஆள்காட்டி விரல் நின்றது. காலை முழுக்கச் சோப்புத் தண்ணீரில் கிடந்து வெளுத்து, நுனி சுருங்கியிருந்தது. அவர்கள் இருவரும் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.